கள்ளியின் குலமும் பெயரும்

சங்கங்களின் மாத ஏட்டில் சப்பாத்திக்கள்ளியைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். நெல்லும் பருத்தியும், நூலும் சாயமும் பேசப்படவேண்டிய இடத்தில் வேலியோரத்து முட்செடிக்கு என்ன வேலை என்பது நியாயமான கேள்வியே. ஆயினும் பயிரிடுவோருக்கும் நெசவு செய்வோருக்கும் ஒருங்கே தொடர்புடைய செடிகள் மிகச் சில. அவற்றுள் இதுவும் ஒன்று. பட்டுக்குச் சிவப்பேற்றும் சாயத்தின் பொருட்டு இக்குலத்துச் செடிகள் சென்னைக்கருகில் தோட்டமிட்டு வளர்க்கப்பட்டன. பின்னர் அக்குலத்துச் செடியொன்றே விளைநிலங்களைக் கவ்விக்கொண்டு குடியானவர்களை வாட்டியது. இப்பொழுது முட்களற்ற உருவத்தில், கால்நடைத் தீவனம் என்ற பெயருடன் மீண்டும் நம் வாயிலுக்கு வந்து நிற்கிறது. இம்மூன்று வேளைகளிலும் இலாபத்தையும் நஷ்டத்தையும் நிர்ணயித்தது ஒன்றே: செடியின் பெயரும், அதை உண்ணும் பூச்சியின் பெயரும் சரியாக அறியப்பட்டனவா இல்லையா என்பதே அது.

வறண்ட நிலங்களில் முட்களற்ற கள்ளியைப் பயிரிடும் யோசனையை மத்திய அரசின் நில வளத் துறை 2022-ஆம் ஆண்டில் வலியுறுத்தியது. அது முதல், தணிக்கைக்காக நாம் செல்லும் ஊர்களிலும் இதைப் பற்றிப் பேச்சு எழுகிறது. துண்டு ஒன்று என்ன விலை, சங்கத்தில் கடன் கிடைக்குமா, எத்தனை மாதத்தில் அறுக்கலாம் என்றெல்லாம் வினாக்கள் வருகின்றன. ‘எந்தக் கள்ளி?’ என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்கப்படாத அந்த வினாவுக்கு விடை கூறவே இதனை எழுதுகிறோம்.

கள்ளி எல்லாம் ஒரு குலம் அல்ல

தமிழில் கள்ளி என்னும் சொல் பழமையானது. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி என நாம் வழங்குவன யாவும் ஒடித்த மாத்திரத்தில் வெண்பால் வடிப்பவை. தாவர நூலார் இவற்றை யூஃபோர்பியா என்னும் பேரினத்தில் வைத்து, ஆமணக்கின் குடும்பத்தில் சேர்த்துள்ளனர். ஆமணக்கும் மரவள்ளியும் ரப்பர் மரமும் இக்குடும்பத்தைச் சார்ந்தவையே. ஸ்வீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் செடிகளுக்கு இருசொற்பெயர் வகுத்தபோது, திருகுகள்ளிக்கு ‘யூஃபோர்பியா திருக்கள்ளி’ என்றே பெயரிட்டார். மலையாளக் கரையின் செடிகளைப் பற்றி 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னிரண்டு பகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்னும் நூலிலிருந்து அவர் எடுத்த பெயர் அது. நம் பக்கத்துச் சொல் ஒன்று உலகத் தாவர நூலில் நிலைத்துவிட்டது என்பது நாம் மகிழத்தக்க செய்தியாகும்.

சப்பாத்திக்கள்ளியோ இக்குலத்தைச் சேர்ந்ததன்று. அதனைக் கீறிப் பார்த்தால் பால் வராது. வழவழப்பான நீரே கசியும். அது காக்டேசி என்னும் குடும்பத்தைச் சார்ந்தது. அக்குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட அக்குடும்பத்தில், மரங்களில் தொற்றி வளரும் ரிப்சாலிஸ் என்ற ஒரேயொரு இனமே ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது. மற்றவை யாவும் கடல் கடந்து மனிதரால் கொண்டுவரப்பட்டவை.

எனில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவானேன்? ஒரே தொழில் செய்வோர் ஏறக்குறைய ஒரே விதமாக உடுத்துவதைப் போன்றது இது. நீர் குறைந்த நிலத்தில் வாழ வேண்டிய செடி இலையைச் சுருக்கிக்கொள்ளும். தண்டில் நீரைச் சேமிக்கும். முள்ளால் தன்னைக் காத்துக்கொள்ளும். ஆப்பிரிக்க, ஆசிய வறள்நிலங்களில் ஆமணக்கின் குடும்பமும், அமெரிக்க வறள்நிலங்களில் காக்டேசி குடும்பமும் தனித்தனியே இவ்வழியைக் கைக்கொண்டன. உடை ஒன்றாயினும் உறவு வேறு. நம் முன்னோர் புதிதாக வந்த செடியின் தோற்றத்தைக் கண்டு கள்ளியென்று அழைத்தனர். தட்டையான அதன் உருவத்தால் சப்பாத்து என்னும் சொல்லையும் முன்னே சேர்த்தனர் எனக் கொள்ள இடமுண்டு. போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த அச்சொல்லுக்குக் காலணி என்று பொருள்.

காக்டேசி குடும்பத்தின் மெய்யான உறவினர் யாவர் என அறிந்தால் அங்கத்தினர் வியப்படைவர். நாம் நாள்தோறும் உண்ணும் தண்டுக்கீரை, பசலைக்கீரை, பருப்புக்கீரை, பீட்ரூட் ஆகியனவும், முற்றத்துக் காகிதப்பூவும் சப்பாத்திக்கள்ளியும் ஒரே பெருவரிசையில் வைத்து எண்ணப்படுபவை. செங்கீரையையும் பீட்ரூட்டையும் கள்ளிப்பழத்தையும் சிவப்பாக்குவது பீட்டாலெயின் என்னும் ஒரே வகை நிறப்பொருள். மற்றப் பெரும்பாலான செடிகளின் சிவப்பு வேறு வகையைச் சார்ந்தது. புறத்தோற்றம் மறைத்த உறவை நிறப்பொருளும் வித்தின் அமைப்பும் காட்டிக்கொடுத்தன.

செடியின் அமைப்பு

சப்பாத்திக்கள்ளியில் இலையென நாம் எண்ணும் தட்டைப் பகுதி இலையன்று, அது தண்டு. மெய்யான இலைகள் இளந்தட்டுகளில் சிறு ஊசிபோல் தோன்றிச் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். தட்டின்மீது ஒழுங்கான இடைவெளியில் காணப்படும் சிறு புள்ளிகளை முட்கண் எனலாம். முள், பூ, புதுத்தட்டு ஆகிய மூன்றும் அக்கண்ணிலிருந்தே பிறக்கும். நீண்ட முட்களோடு, மயிர்போல் நுண்ணிய முட்கள் கொத்தாக இருப்பதும் இவ்வினத்தின் அடையாளமாகும். தொட்டவுடன் கழன்று தோலில் ஏறி நாட்கணக்கில் உறுத்துபவை அந்நுண்முட்களே.

இதன் பூ பெரியது, அழகியது. மகரந்தத் தாள்கள் எண்ணற்றவை. விரலால் தொட்டால் அவை மெல்ல உட்புறம் வளைவதைக் காணலாம். சூற்பை தண்டின் நுனியிலேயே புதைந்திருப்பதால், பழத்தின் மேல்தோல் தண்டின் பகுதியாகவே இருக்கிறது. அதனால்தான் பழத்தின்மீதும் முட்கண்கள் உள்ளன. தரையில் விழுந்த காயிலிருந்துங்கூட வேரோடித் தளிர் எழும்புவதுண்டு. வெட்டிப் போட்ட தட்டு வேர்விடும். பறவை உண்ட பழத்தின் விதை முளைக்கும். வெட்டி அழிக்க முயன்றோர் பலர் உண்மையில் நட்டுப் பெருக்கியவர்களே ஆயினர்.

பெரும்பாலான பயிர்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை ஏற்கின்றன. அவ்வழியே நீரும் ஆவியாகிறது. கள்ளியோ பகலில் துளைகளை மூடி இரவின் குளிர்ச்சியில் திறக்கிறது. இரவில் ஏற்ற கரியமிலவாயுவைப் புளிப்புப் பொருளாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் உணவாக்குகிறது. விடியற்காலையில் அறுத்த தட்டு மாலையில் அறுத்ததைவிடப் புளிப்பாயிருப்பதற்குக் காரணம் இதுவே. சிறிதளவு மழையைக் கொண்டு பசுமை காக்கும் இத்திறத்தினால்தான் இச்செடி தீவனத்துக்கென நாடப்படுகிறது.

பெயரிட்ட வரலாறு

லின்னேயஸ் 1753-இல் தாம் அறிந்த இருபத்திரண்டு இனங்களையும் காக்டஸ் என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். மறு ஆண்டிலேயே ஆங்கிலத் தோட்டக்கலை அறிஞர் பிலிப் மில்லர், தட்டைத் தண்டுடையவற்றை ஒபன்ஷியா எனத் தனியே பிரித்தார். கிரேக்க நாட்டு ஓபஸ் என்னும் ஊரின் அருகே வளர்ந்ததாகப் பண்டை நூல்கள் கூறும் வேறொரு செடியின் பெயரே இந்த அமெரிக்கச் செடிக்கு வழங்கலாயிற்று.

நம் நாட்டில் காணப்படும் ஒபன்ஷியா இனங்களுள் நான்கினை அங்கத்தினர் பிரித்தறிதல் நலம்.

முதலாவது ஒபன்ஷியா டில்லேனி. தென்னாட்டு வேலிகளிலும் கடலோரத் தரிசுகளிலும் மிகுதியாக உள்ளது இதுவே. இது புதராகப் படரும். தட்டு நீலம் கலந்த பச்சை. ஒரு கண்ணில் பல முட்கள். முட்கள் மஞ்சள் நிறமானவை, சற்றே தட்டையாக வளைந்தவை. பூ எலுமிச்சை மஞ்சள், பழம் கருஞ்சிவப்பு. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியராயிருந்த டில்லேனியஸ் என்பவரின் நினைவாக 1818-இல் இவ்வினப்பெயர் இடப்பட்டது; 1819-இல் ஹாவர்த் என்பவர் இதனை ஒபன்ஷியாவில் சேர்த்தார். இதனை ஒபன்ஷியா ஸ்ட்ரிக்டா என்னும் இனத்தின் ஒரு வகையாகக் கொள்வோரும் உளர். தனி இனமாகவே கொள்வோரும் உளர்.

இரண்டாவது ஒபன்ஷியா மொனகாந்தா. தென்னமெரிக்காவின் பிரேசில் முதலிய நாடுகளுக்கு உரியது. தட்டு மெல்லியது, பளபளப்பான பச்சை. கண்ணொன்றுக்கு ஓரிரு முட்களே உண்டு. ஒற்றை முள் என்பதே பெயரின் பொருள். பழைய அறிக்கைகளில் இது ‘வல்காரிஸ்’ என்ற பெயரால் குறிக்கப்பட்டிருக்கிறது. அப்பெயர் இச்செடிக்கு உரியதன்று எனப் பின்னர் தெளிந்தனர்.

மூன்றாவது ஒபன்ஷியா எலேடியர். இதன் முட்கள் கபில நிறம். பூவில் செம்மை கலந்திருக்கும். நான்காவது ஒபன்ஷியா ஃபைக்கஸ் இண்டிகா. மெக்ஸிகோ நாட்டு மக்கள் நெடுங்காலமாகப் பேணி வளர்த்தது, ஆள் உயரத்துக்கு மேல் மரம்போல் வளரும், தட்டுகள் பெரியவை, முட்கள் மிகக் குறைவு அல்லது இல்லை. முட்களற்ற கள்ளி என்று இன்று பேசப்படுவது பெரும்பாலும் இதுவே. இந்திய அத்தி என்பது இப்பெயரின் பொருள். அமெரிக்காவையும் இந்தியா எனவே ஐரோப்பியர் அழைத்த காலத்தின் எச்சம் அது. நம் நாட்டுச் செடி என்பதற்குச் சான்றன்று.

சாயத்துக்காக வந்த செடி

மெக்ஸிகோவில் கள்ளித்தட்டின்மீது ஒரு சிறு பூச்சி வாழ்கிறது. நம் பருத்தியிலும் கொய்யாவிலும் காணும் மாவுப்பூச்சியைப்போல் வெண்பஞ்சால் தன்னை மூடிக்கொண்டிருக்கும். நசுக்கினால் இரத்தம்போல் சிவப்பு வடியும். பெண்பூச்சிகளைச் சுரண்டி எடுத்து உலர்த்திப் பொடித்தால் கிடைப்பதே கொச்சினீல் சாயம். ஒரு பவுண்டு எடைக்கு ஏறக்குறைய எழுபதினாயிரம் பூச்சிகள் வேண்டும் என்பர்.

நெசவாளர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. கள்ளிப்பழத்தின் சிவப்பைப் பூச்சி உறிஞ்சித் தருகிறது என்று எண்ணுவது இயல்பு, அது சரியன்று. பழத்தின் பீட்டாலெயின் வெயிலிலும் சூட்டிலும் விரைவில் வெளிறிவிடும், துணிக்கு உதவாது. பூச்சி தருவதோ கார்மினிக் அமிலம் என்ற வேறு பொருள். நம் சாயவேரின் சிவப்பும் அரக்கின் சிவப்பும் எந்த இரசாயன வகையைச் சார்ந்தவையோ, அவ்வகையையே இதுவும் சார்ந்தது. ஆதலின் படிகாரம் கட்டிய பட்டிலும் கம்பளியிலும் இது உறுதியாகப் பற்றிக் கருஞ்சிவப்புத் தரும். வெள்ளீய உப்புச் சேர்த்தால் தீச்சிவப்பாகும். இரும்பு உப்புச் சேர்த்தால் ஊதாக் கருமையாகும். பருத்தியில் அத்துணை எளிதாகப் பற்றாது.

மெக்ஸிகோ ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த வரையில் இச்சாய வாணிபம் ஸ்பானியர் கையிலேயே இருந்தது. அதனை உடைக்க விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனி, இந்தியாவில் இப்பூச்சியை வளர்க்க முற்பட்டது. சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786 முதல் லண்டனிலிருந்த ஜோசப் பாங்க்ஸுக்கு இதுபற்றிக் கடிதங்கள் எழுதினார். சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் ஒன்றும் அமைத்தார். கியூ தோட்டத்திலிருந்து செடிகள் வருவிக்கப்பட்டன. செடி தயாராயிற்று; பூச்சி வர வேண்டியிருந்தது.

பிழைத்த பெயர்

1795-இல் காப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ துறைமுகத்திலிருந்து கள்ளிச்செடிகளோடு பூச்சியையும் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். மெக்ஸிகோவின் சாயப்பூச்சியே வந்துவிட்டதெனக் கருதி அதனை வளர்த்தனர், சென்னைக்கும் அனுப்பினர். உண்மையில் மெக்ஸிகோவில் பேணி வளர்க்கப்படும் பூச்சி டாக்டிலோபியஸ் கொக்கஸ். இங்கு வந்ததோ தென்னமெரிக்கக் காட்டினமாகிய டாக்டிலோபியஸ் சிலோனிக்கஸ். பின்னர் இலங்கையில் கண்டு பெயரிடப்பட்டதால் ‘சிலோனிக்கஸ்’ ஆயிற்று. அதன் தாயகம் இலங்கையன்று. இரண்டும் வெண்பஞ்சு போர்த்தவை. இரண்டும் நசுக்கினால் சிவப்பவை. ஆயினும் காட்டினத்தில் சாயச்சத்துக் குறைவு, பஞ்சு மிகுதி. கம்பெனி எதிர்பார்த்த வாணிபம் கைகூடவில்லை.

இப்பிழையின் விளைவு அத்துடன் நிற்கவில்லை. வந்த பூச்சி ஒபன்ஷியா மொனகாந்தாவை விரும்பி உண்டது. சாயம் தரவேண்டிய பூச்சி, வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் பரவியிருந்த அக்கள்ளியை அழித்துக்கொண்டே சென்றது. இதனைக் கண்டோர், 1836 முதல் 1838 வரையிலான ஆண்டுகளில் தென்னிந்தியாவிற்கு அதனை வேண்டுமென்றே கொண்டுவந்து கள்ளியின்மீது விட்டனர். 1865-ஐ ஒட்டி இலங்கைக்கும் அது சென்றது. வேற்றுநாட்டுப் பூச்சியைக் கொண்டு களையை ஒடுக்கிய முதல் வெற்றி என இதனை உலக விவசாய விஞ்ஞானிகள் குறிப்பிடுகின்றனர். 1913-ஐ அடுத்து தென்னாப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் இதே பூச்சியைத் தருவித்து, தம் நிலங்களில் பரவிய மொனகாந்தாவை ஒடுக்கின.

ஆனால் டில்லேனியை அப்பூச்சி தீண்டவில்லை. குடியானவர் கண்ணுக்கு இரண்டும் சப்பாத்திக்கள்ளிதான்; பூச்சியின் நாவுக்கோ அவை வெவ்வேறு. மொனகாந்தா மறைந்தபின்னும் டில்லேனி ஊர்ப்புறங்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் அடர்ந்து பரவியது. பாம்புக்கும் எலிக்கும் பன்றிக்கும் அது புகலிடமாயிற்று. வெட்டியும் எரித்தும் புதைத்தும் பார்த்தனர். கூலி செலவாயிற்றேயன்றிக் கள்ளி குறையவில்லை.

சரியான பெயர் கண்டபின்

அதற்குத் தீர்வு 1926-இல் வந்தது. வட அமெரிக்காவைச் சார்ந்த டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்னும் வேறொரு பூச்சி, ஆஸ்திரேலியா வழியாக இலங்கைக்கும், இலங்கையிலிருந்து தென்னிந்தியாவிற்கும் கொண்டுவரப்பட்டது. இது டில்லேனிக்கும் எலேடியருக்கும் உரிய பூச்சி. சில ஆண்டுகளுக்குள் பெரும்பரப்பில் கள்ளி பட்டு வீழ்ந்தது. நிலம் மீண்டும் உழவுக்கு வந்தது. ஊர்ப் பெரியவர்களில் சிலர் தம் தந்தையர் வாயிலாகக் கேட்ட ‘கள்ளி செத்த காலம்’ இதுவேயாகும்.

முன்னையதற்கும் பின்னையதற்கும் உள்ள வேற்றுமையை அங்கத்தினர் ஊன்றி நோக்க வேண்டும். 1795-இல் பூச்சியின் பெயர் தெரியாமலே பணமும் நிலமும் முதலீடு செய்யப்பட்டன. 1926-இல் செடி இன்னது, அதற்குரிய பூச்சி இன்னது என அறிந்தபின் செயல் தொடங்கியது. இடையிலிருந்த நூற்று முப்பது ஆண்டுகளில் மாறியது இயற்கையன்று. இயற்கையைப் பெயரிட்டு வரிசைப்படுத்தும் அறிவே.

கணக்குப் பார்ப்போர்க்கு இது எளிதில் விளங்கும். ஓர் அங்கத்தினர் செலுத்திய தவணையை அதே பெயருள்ள மற்றொருவர் கணக்கில் வரவு வைத்தால், அன்றைய ரொக்கம் சரியாகவே இருக்கும்; பேரேட்டின் கூட்டுத்தொகையும் ஒத்துவரும். பிழை வெளிப்படும் நாளிலோ, கட்டியவர் பாக்கிதாரராக நிற்பார். தந்தை பெயரும் அங்கத்தினர் எண்ணும் எழுதச் சொல்வது இதற்காகவே. செடிகளின் இருசொற்பெயரும் அத்தகைய அங்கத்தினர் எண்ணேயாகும்.

முட்களற்ற கள்ளி

இனி இன்றைய வினாவுக்கு வருவோம். ஃபைக்கஸ் இண்டிகா வறண்ட நிலத்தில் பசுந்தீவனம் தரவல்லது என்பதில் ஐயமில்லை. எனினும் தட்டில் பத்தில் எட்டு முதல் ஒன்பது பங்கு வரை நீரே உள்ளது, புரதம் குறைவு. கோடையில் கால்நடையின் தாகத்தையும் பசியையும் ஓரளவு தணிக்குமேயன்றி, தனியுணவாகாது. வைக்கோலுடனோ சோளத்தட்டையுடனோ கலந்தே கொடுக்க வேண்டும். மிகுதியாகக் கொடுத்தால் கழிச்சல் உண்டாகும். முட்களற்றது என்பது நீண்ட முள்ளைக் குறித்ததே. நுண்முட்கள் சிலவேனும் இருக்கக்கூடும்.

இதனினும் பெரிய செய்தி பூச்சியைப் பற்றியது. டில்லேனியை ஒழிக்க நாம் வரவேற்ற டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே இன்னும் நம் நாட்டில் இருக்கிறது. அதே இனப் பூச்சி ஃபைக்கஸ் இண்டிகாவையும் தாக்கும். மொராக்கோ நாட்டில் வேலியாகவும் தீவனமாகவும் பழமாகவும் குடியானவர்க்கு உதவிய இக்கள்ளித் தோட்டங்களில் 2014-இல் இப்பூச்சி காணப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் பரந்த தோட்டங்கள் பாழாயின. பூச்சியைத் தாங்கும் வகைகளைத் தேர்ந்து மீண்டும் நடும் வேலை அங்கு நடைபெற்றுவருகிறது. நமக்கு நண்பனாக வந்தது அவர்களுக்குப் பகையாயிற்று.

இங்கும் பெயரின் நுட்பம் தொடர்கிறது. தென்னாப்பிரிக்க ஆய்வாளர் இவ்வொரே பூச்சியினத்துள் இரு மரபுகள் உண்டெனக் கண்டனர். ஒன்று ஃபைக்கஸ் இண்டிகாவில் செழிப்பது. மற்றொன்று ஸ்ட்ரிக்டாவில் செழிப்பது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அந்நாட்டில் 1930-களிலேயே விடப்பட்ட முதல் மரபு ஸ்ட்ரிக்டாவை ஒடுக்கவில்லை. 1997-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டாம் மரபைக் கொணர்ந்த பின்னரே பயன் கிடைத்தது. நம் வேலிகளில் உள்ளது இரண்டாம் மரபின் வழியினது என எண்ண இடமிருப்பினும், சோதியாமல் அதை நம்பிச் சங்கப் பணத்தை இறக்குவது தகாது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

கள்ளித்துண்டு வாங்க முற்படும் சங்கங்களுக்கும் அங்கத்தினருக்கும் சில யோசனைகளை முன்வைக்கிறோம்.

விற்பவரிடம் ‘முட்களற்ற கள்ளி’ என்ற சொல்லோடு திருப்தியடையாமல், இனப்பெயரையும் வகைப்பெயரையும் விலைச்சீட்டிலேயே எழுதிப் பெற வேண்டும். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

அரசு ஆராய்ச்சி நிலையங்களிலிருந்தோ வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகவோ கிடைக்கும் துண்டுகளையே நாடுதல் நன்று. செடியின் பெயரில் ஐயம் தோன்றினால், பூவோடு கூடிய தட்டைக் கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் காட்டிக் கேட்கலாம். பூவின்றித் தட்டை மட்டும் காட்டினால் இனம் கூறுவது நிபுணர்க்கும் கடினம்.

வாங்கிய துண்டுகளை ஒரேயடியாகப் பல ஏக்கரில் நடாமல், சங்கத்திற்கு ஓர் அங்கத்தினர் நிலத்தில் சில வரிசைகள் நட்டு, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழியும்வரை நோக்க வேண்டும். அருகிலுள்ள பழைய டில்லேனிப் புதர்களில் வெண்பஞ்சுத் திட்டுகள் உள்ளனவா என்று பார்த்து, இருப்பின் ஒரு குச்சியால் நசுக்கிப் பார்க்க வேண்டும். சிவப்பு வடிந்தால் பூச்சி உண்டென்பது உறுதி. அங்கே நடுவதற்குமுன் ஆலோசனை பெறல் வேண்டும்.

ஃபைக்கஸ் இண்டிகா என்று எண்ணி முள்ளுள்ள வேறு இனத்தையோ பெயரறியாக் கலப்பினத்தையோ மேய்ச்சல் நிலத்தில் பரப்பிவிடலாகாது. வெட்டிய துண்டுகளை வாய்க்காலிலும் புறம்போக்கிலும் எறியவும் கூடாது. ஒருவர் கவனக்குறைவு ஊர் முழுவதற்கும் களையாகும் என்பதை நம் நாட்டு வரலாறே காட்டியிருக்கிறது.

நெசவாளர் சங்கங்களுக்கும் ஒரு சொல். இயற்கைச் சாயத்துக்குக் கிராக்கி ஏற்பட்டிருக்கும் இந்நாளில் கொச்சினீல் பொடியும் சந்தைக்கு வருகிறது. இன்று அதன் உற்பத்தியில் முதன்மையானது பெரு நாடு. வாங்குமுன் சாயச்சத்து எவ்வளவு என்ற சான்றைக் கேட்டுப் பெறுவதும், ஒரு கழி பட்டில் படிகாரம் கட்டித் தோய்த்து, வெயிலிலும் சோப்பு நீரிலும் சோதிப்பதும் அவசியம். நம் வேலிக்கள்ளியில் வெண்பஞ்சைக் கண்டு, கொச்சினீல் வீட்டருகிலேயே கிடைத்துவிட்டதென மயங்க வேண்டா. சிவப்பு வடிவதெல்லாம் சாயப்பூச்சி எனக் கொண்டதன் பயனைக் கம்பெனி ஒருமுறை கண்டுவிட்டது.

தாவர நூலார் செடிகளைக் குலம், குடும்பம், இனம் என வகுத்து வைத்திருப்பது புலமையைக் காட்டுவதற்காக அன்று. எது எதனோடு உறவு, எதற்கு எது பகை, எதனை எங்கே நம்பலாம் என்று மக்கள் அறிந்து பயனடைவதற்காகவே. கடன் விண்ணப்பத்தில் பயிரின் பெயர் எழுதவேண்டிய கட்டத்தில் இனிமேல் ‘கள்ளி’ என்று மட்டும் எழுதாமல் இனப்பெயரையும் சேர்த்து எழுதும் வழக்கத்தை நம் சங்கங்கள் தொடங்கட்டும். அந்த ஒரு வரியைக் கேட்டு எழுத ஒரு நாள் செல்லலாம்; எழுதாமல் விட்டதன் நஷ்டத்தைச் சீர்செய்ய ஒரு தலைமுறையே செல்லக்கூடும்.